மறந்து போன பிறகும் போகாத பயம்

(கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. செய்திமடலுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறேன்.)



வழக்கமாக என்னை இந்த மைக் முன்னால் நிறுத்துவது மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான். 15எச் படிவம், சீனியர் சிட்டிசன் டெபாசிட், நாமினி மாற்றுவது எப்படி என்று ஏதாவது பேசுவேன். இந்த முறை செயலாளர் கேட்டபோது, "மூளையைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "சார், அப்போ டிடிஎஸ்?" என்றார். டிடிஎஸ் அடுத்த கூட்டத்தில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து, 1980-ல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 38 வருடம் கழித்துக் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். கடந்த ஒன்றரை வருடமாக மூளையைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். புரியாத இடத்தை மூன்று தடவை, நான்கு தடவை படிப்பேன். எதற்காக இந்த வயதில் இந்தப் படிப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன நவம்பர் மழையில் நம் பி பிளாக் லிஃப்ட் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, ஏ.ஆர்.டி. பேட்டரியும் அன்றைக்கென்று வேலை செய்யவில்லை. உள்ளே நாலாம் மாடிக் குழந்தையும் அவளுடைய பாட்டியும். 20 நிமிஷம் இருட்டில். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தினம் நாலு மாடி ஏறினாள். நம்மில் சிலர், நானும்தான், "லிஃப்ட்தான் ரிப்பேர் பண்ணியாச்சே, இன்னும் என்ன பயம்? வா, தாத்தா கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறோம். அவள் அழுதாள். பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்தக் குழந்தையைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. 1989-ல் நான் கேஷ் கவுண்டரில் இருந்தேன். பொங்கலுக்கு முந்தின நாள், கவுண்டரில் கூட்டம் நெரிகிறது. அவசரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு 50 ரூபாய்க் கட்டுக்குப் பதில் 100 ரூபாய்க் கட்டைக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் எண்ணினால் 5,000 ரூபாய் குறைகிறது. அன்றைக்கு அது எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். மறுபடி எண்ணினேன். மறுபடியும் 5,000 குறைவு. அந்த நேரத்தில்தான் வாசலில் ஷட்டரைக் கடகடவென்று இறக்கினார்கள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல வேண்டாம். ஊழியர் சங்கத்து நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அன்றைய கணக்கை நேர் செய்தார்கள். மூன்றாம் நாள் அந்த வாடிக்கையாளரே வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மஞ்சள் பையில் கரும்பும் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர்.

பணம் திரும்பி வந்தது. ஆனால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். மளிகைக் கடையில் நின்றுகொண்டிருப்பேன், பக்கத்துக் கடையில் ஷட்டர் இறக்குவார்கள், கை தன்னால் சட்டைப் பைக்குப் போகும். அன்று காலை என்ன சாப்பிட்டேன், பக்கத்துக் கவுண்டரில் யார் இருந்தார் என்றெல்லாம் கேட்டால் தெரியாது. சத்தம் மட்டும் 36 வருடமாக அப்படியே இருக்கிறது. இது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? எந்தப் பேனாவால்?

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற செல்களோடு பேசுகிறது. இந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஒரே வலையா, தனித்தனி ஆட்களா என்று நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. இத்தாலியின் கோல்ஜி, ஒரே வலை என்றார். ஸ்பெயினின் ரமோன் இ கஹால், தனித்தனி என்றார். கோல்ஜி கண்டுபிடித்த சாயம் ஏற்றும் முறையை வைத்தேதான் கஹால் அதைக் காட்டினார். 1906-ல் இரண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். மேடையில் நின்று கோல்ஜி, கஹாலின் கொள்கை தப்பு என்றே பேசினார். எங்கள் வங்கி சங்கத் தேர்தலே தேவலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கஹால்தான் சரி. இரண்டு செல்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி. செல்லுக்குள் செய்தி மின்சாரமாக ஓடுகிறது. இடைவெளிக்கு வந்ததும் மின்சாரம் நின்றுவிடும். அங்கே சின்னச் சின்னப் பைகளில் ரசாயனம் காத்திருக்கிறது. மின்சாரம் வந்து தட்டியதும் பை வெடித்து ரசாயனம் கொட்டும், எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்காரும். ஏற்பி என்றால் வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் திறந்தால் அந்தப் பக்கத்து செல்லுக்குச் செய்தி கிடைத்துவிட்டது.

இந்த வேலையை அதிகம் செய்யும் ரசாயனத்தின் பெயர் குளூட்டமேட். ஃபிரைட் ரைஸில் போடுகிறார்களே அஜினமோட்டோ, அதில் இருப்பதும் இதுதான். அதைச் சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடுமா என்று யாரும் கேட்க வேண்டாம். ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாமல் ஒரு தடுப்பு இருக்கிறது. நம் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியைவிட அது கறார்.

இப்போது கற்பது என்றால் என்ன? 1949-ல் கனடாவின் டொனால்ட் ஹெப் ஒரு யோசனை சொன்னார். ஒரு செல் இன்னொரு செல்லைத் திரும்பத் திரும்பத் தூண்டி எழுப்பினால், அந்த இரண்டுக்கும் நடுவிலான தொடர்பு பலப்படும் என்றார். அப்போது அது வெறும் யோசனைதான். 1973-ல் டிம் பிளிஸ், டெர்ஜே லோமோ என்று இரண்டு பேர் நார்வேயின் ஆஸ்லோவில் செய்த சோதனை வெளியானது. முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் போகும் நரம்பை வேகவேகமாகச் சில தடவை தூண்டினார்கள். அதற்குப் பிறகு சாதாரணமாகத் தட்டினாலே எதிர்ப்பக்கம் பலமாகப் பதில் சொன்னது. மணிக்கணக்கில் அந்தப் பலம் குறையவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாக்கர்! நம்மில் பாதிப் பேருக்கு லாக்கர் இருக்கிறது. உங்கள் சாவி மட்டும் போட்டால் திறக்காது, வங்கியின் சாவி மட்டும் போட்டாலும் திறக்காது. இரண்டும் சேர வேண்டும். எதிர்க்கரை வாசல்களில் என்எம்டிஏ என்று ஒரு வகை உண்டு. அதற்கும் இரண்டு சாவி. ஒன்று, குளூட்டமேட் வந்து உட்கார வேண்டும். இரண்டு, அதே சமயத்தில் அந்த செல் வேறு செய்திகளால் ஏற்கெனவே நன்றாக விழித்திருக்க வேண்டும். விழித்திருக்காவிட்டால் வாசலில் ஒரு மெக்னீசியம் துகள் அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் மெக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் போய் உள்ளே இருக்கும் வேலைக்காரர்களை எழுப்பும். அவர்கள் புதிதாக வாசல்களைக் கொண்டுவந்து கரையில் நிறுத்துவார்கள். அடுத்த தடவை அதே அளவு ரசாயனம் வந்தாலும் அதிக வாசல் திறக்கும். இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது என்பதை ஒரு செல் குறித்துக்கொள்ளும் விதம் இது.

ஷட்டர் சத்தம் ஒரு சாவி, அவமானமும் பயமும் இன்னொரு சாவி. இரண்டும் ஒரே சாயங்காலம், ஒரே நிமிஷத்தில் விழுந்தன.

எங்கே விழுந்தன என்றால், அமிக்டலா என்ற இடத்தில். பாதாம் பருப்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். காதுக்கு முன்பக்கமாக, உள்ளே ஆழத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நியூயார்க்கில் ஜோசப் லெடூ என்பவர் பல வருடம் எலிகளை வைத்து இதை ஆராய்ந்தார். ஒரு சத்தம், உடனே காலில் லேசான ஷாக். சில தடவையிலேயே எலி சத்தத்துக்கே உறைந்து நின்றுவிடும். சத்தத்தின் செய்தியும் ஷாக்கின் செய்தியும் அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதியில் வந்து சேர்கின்றன. அங்கே அந்த இரட்டைச் சாவி வாசலை மருந்து போட்டு அடைத்துவிட்டால் எலி பயத்தைக் கற்றுக்கொள்வதில்லை.

இதில் நான் கவனித்த ஒன்று, காதிலிருந்து அமிக்டலாவுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. இது என்ன சத்தம், எந்தக் கடை ஷட்டர் என்றெல்லாம் மேல்மூளை ஆராய்ந்து முடிப்பதற்குள் குறுக்குவழியில் செய்தி போய், உடம்பு தயாராகிவிடுகிறது. அதனால்தான் "சும்மா ஷட்டர்தானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்கு முன்பே கை சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. அந்தக் குழந்தைக்கு "லிஃப்ட் ரிப்பேர் ஆயிடுச்சு" என்று நாம் சொன்னது மேல்மூளைக்கு. அழுதது கீழே இருக்கும் பாதாம் பருப்பு.

சரி, வாசல் கூடியது. அது எப்படி 36 வருடம் நிற்கிறது? இங்கே எரிக் கேண்டல் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியன்னாவில் பிறந்த யூதர். 1938 நவம்பரில், அவருடைய ஒன்பதாவது பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள், வீட்டுக் கதவைத் தட்டி நாஜி போலீஸ் வந்து குடும்பத்தை வெளியேற்றியது. பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த பொம்மைக் காரை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அடுத்த வருடம் அமெரிக்கா போய்விட்டார்கள். ஞாபகம் என்பதை வாழ்நாள் முழுவதும் ஆராயத் தனக்கு அந்த நாட்கள்தான் ஒரு காரணம் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஒரு கதவு தட்டும் சத்தம் ஒரு மனிதரை எங்கே கொண்டு போயிருக்கிறது பாருங்கள்.

அவர் ஆராய எடுத்துக்கொண்டது கடல் நத்தை. மனித மூளையில் 8,600 கோடி செல் என்றால் அதற்கு மொத்தமே சுமார் 20,000 தான். ஒவ்வொன்றும் பெரிய சைஸ். தொட்டால் அது செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலில் ஒரு தடவை ஷாக் கொடுத்தால் அதற்குப் பிறகு லேசாகத் தொட்டாலே வேகமாக இழுத்துக்கொள்ளும், ஆனால் சிறிது நேரத்தில் அது மறந்துவிடும். இடைவெளி விட்டுப் பல தடவை கொடுத்தால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மறக்காது. முதலாவதில், செரட்டோனின் என்ற ரசாயனம் வந்து, செல் கொட்டும் குளூட்டமேட்டின் அளவைத் தற்காலிகமாகக் கூட்டுகிறது. இரண்டாவதில் செய்தி செல்லின் கருவுக்கே போகிறது. மரபணுக்கள் இயங்கிப் புதிய புரதங்கள் தயாராகின்றன. புதிய இணைப்புகளே முளைக்கின்றன. 2000-ல் கேண்டலுக்கு நோபல் பரிசு.

எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. வவுச்சர் வரும், டே புக்கில் ஏறும், பிறகு லெட்ஜரில் போஸ்டிங் ஆகும். வவுச்சர் மேஜையில் கிடக்கும்போது ஃபேன் காற்றில் பறந்துவிடலாம். லெட்ஜரில் ஏறிவிட்டால் பறக்காது. புதிய புரதம், புதிய இணைப்பு என்பது லெட்ஜர் போஸ்டிங். ஆனால் கடல் நத்தைக்குப் பல ஷாக் தேவைப்பட்டது, எனக்கு ஒரே சாயங்காலம் போதுமானதாக இருந்தது. அது ஏன்?

பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், நமக்குத் தெரியும். அது நேராக மூளைக்குள் போக முடியாவிட்டாலும், நரம்பு வழியாகச் சேதி போய், மூளைக்குள் நார்அட்ரினலின் என்ற தம்பி சுரக்கிறது. அது அமிக்டலாவில் கொட்ட, அமிக்டலா மற்ற பகுதிகளுக்கு "இது முக்கியம், இப்போதே போஸ்ட் பண்ணு" என்று சீல் குத்துகிறது. 1994-ல் கலிஃபோர்னியாவில் லாரி கேஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் சிலருக்குப் படங்களோடு ஒரு கதை சொன்னார்கள். அம்மாவும் பையனும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள், வழியில் பையன் மீது கார் மோதிவிடுகிறது. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே புரோப்ரனலால் மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு விபத்துப் பகுதிதான் மற்றப் பகுதிகளைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. புரோப்ரனலால் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் ஞாபகம் இல்லை. சீல் குத்தும் கையை மாத்திரை பிடித்துக்கொண்டுவிட்டது.

(இந்த இடத்தில் டி பிளாக் நண்பர் ஒருவர், "சார், அது நான் கை நடுக்கத்துக்குப் போடற மாத்திரையாச்சே" என்றார். அதேதான். டாக்டர் சொன்னதற்காகப் போடுங்கள், மனக்கஷ்டத்தை மறக்க என்று நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்றேன்.)

இன்னொரு ஆராய்ச்சி, இது நம் பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி என்பவரின் குழு. எலிகளைத் தினம் 2 மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைத்தார்கள், 10 நாள். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸில் செல்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் நேர்மாறாகக் கிளைகள் வளர்ந்தன. பிறகு 21 நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அமிக்டலாவில் வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தது. இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை, எலியைப் பற்றித்தான் சொன்னேன்.

அப்படியானால் ஒரு தடவை பதிந்த பயம் போகவே போகாதா? லெட்ஜரில் தப்பாக ஒரு என்ட்ரி விழுந்தால் நாங்கள் ரப்பர் போட்டு அழிக்கக்கூடாது. அழித்தால் வேலை போய்விடும். எதிர்ப்பக்கம் ஒரு ரிவர்சல் என்ட்ரி போட வேண்டும். பழைய என்ட்ரி பக்கத்தில் இருக்கத்தான் செய்யும், ஆனால் பாக்கி நேராகிவிடும். மூளையும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. எலிக்கு ஷாக் இல்லாமல் சத்தத்தை மட்டும் பல தடவை கொடுத்தால் பயம் அடங்கும். ஆனால் அழிவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு அமிக்டலாவை அமர்த்தி வைக்கிறது. சில நாள் கழித்தோ, வேறு இடத்திலோ பழைய பயம் தலைதூக்கும். இதை ரஷ்யாவில் பாவ்லோவ் தன் நாய்களிடமே பார்த்திருக்கிறார்.

2000-ல் வேறொன்றும் தெரியவந்தது. கரீம் நாதர் என்பவர் லெடூவின் ஆய்வகத்தில் செய்தது. பதிந்துவிட்ட பயத்தை எலிக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தி, உடனே அமிக்டலாவில் புரதம் தயாராவதைத் தடுத்தால், அந்தப் பயமே பலவீனமாகிவிட்டது. அதாவது ஞாபகத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது, மறுபடி எழுதித்தான் மூட வேண்டியிருக்கிறது. மனிதர்களுக்கு இதை வைத்தியமாக மாற்ற முடியுமா என்று பலர் முயல்கிறார்கள், முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

நாலாம் மாடிக் குழந்தைக்கு அவள் அம்மா செய்தது ரிவர்சல் என்ட்ரி. முதல் வாரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள், ஏறவில்லை. பிறகு ஏறி நின்று இறங்கினார்கள். பிறகு ஒரே ஒரு மாடி, கையில் டார்ச்சோடு. டார்ச்சை அணைத்து ஏற்றும் பொறுப்பு குழந்தையிடம். பொங்கலுக்குள் நாலு மாடியும் லிஃப்டில் வந்துவிட்டாள். போன மாதம் மாலுக்குப் போனபோது அங்கே லிஃப்டில் ஏற மாட்டேன் என்று அழுதாளாம். அம்மா என்னிடம் வருத்தப்பட்டார். வருத்தப்பட வேண்டாம் அம்மா, ரிவர்சல் என்ட்ரி நம் பி பிளாக் பிராஞ்சில்தானே போட்டிருக்கிறோம், அந்த பிராஞ்சிலும் தனியாகப் போட வேண்டும் என்றேன்.

இனி, நான் ஏன் படிக்க ஆரம்பித்தேன் என்பது.

1911-ல் ஜெனீவாவில் எதுவார்த் கிளபரேத் என்ற டாக்டர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அந்த அம்மாவுக்குப் புதிதாக எதுவும் ஞாபகத்தில் நிற்காது. தினம் பார்க்கும் டாக்டரையே தினம் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு நாள் டாக்டர் தன் விரல்களுக்கிடையில் ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு கை குலுக்கினார். சுருக்கென்று குத்தியது. சில நிமிஷத்தில் அதுவும் மறந்துவிட்டது. ஆனால் பிறகு டாக்டர் கை நீட்டியபோது அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சிலர் கையில் ஊசி வைத்திருப்பார்கள் இல்லையா என்று பொதுவாக ஏதோ சொன்னாராம்.

இரண்டு லெட்ஜர் இருக்கிறது. என்ன நடந்தது என்பதை ஹிப்போகாம்பஸ் எழுதுகிறது, எப்படி இருந்தது என்பதில் அமிக்டலாவின் பங்கு பெரிது. ஒன்று கெட்டாலும் மற்றது எழுதிக்கொண்டே இருக்கலாம். 2010-லும் 2014-லும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். முதலில் ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டவர்கள், பிறகு அல்சைமர் நோயாளிகள். சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். சில நிமிஷத்தில் என்ன படம் பார்த்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. சோகம் மட்டும் இருந்தது. சந்தோஷக் காட்சிகளுக்கும் அப்படியே.

என் மனைவிக்கு அல்சைமர். இரண்டு வருடம் ஆகிறது. இங்கே யாருக்கும் நான் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு "கொஞ்சம் களைப்பு, சுகர்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது என் தப்பு. தெரியாததால்தான் இது நடந்தது.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் நான் தூங்கிவிட்டேன். அவள் கதவைத் திறந்துகொண்டு போய், நம் வீடு என்று நினைத்து வேறு ஒரு வீட்டின் காலிங் பெல்லை அடித்திருக்கிறாள். அவர்கள் திறந்து அனுப்பினார்கள். மறுபடி போய் அடித்தாள். மூன்றாவது தடவை அந்த வீட்டில் இருந்தவர் சத்தம் போட்டுவிட்டார். அந்த வீட்டில் கைக்குழந்தை, அப்போதுதான் தூங்கியிருந்ததாம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பேன். பிறகு அவரே வந்து வருத்தம் சொன்னார்.

நான் போய் அழைத்து வந்தேன். பத்து நிமிஷம் கழித்து, "எங்கே போயிருந்தே?" என்று கேட்டேன். "நானா? எங்கேயும் போகலையே" என்றாள். பொய் இல்லை, அந்த லெட்ஜரில் எழுதப்படவே இல்லை. ஆனால் அன்று இரவு வரை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன், இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காரிடார் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறாள். லிஃப்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். "ஏன்மா?" என்றால், "தெரியல. அங்க வேண்டாம்" என்கிறாள். இப்போது நாங்கள் பின்பக்கப் படிக்கட்டில் இறங்குகிறோம்.

மறுபக்கமும் உண்டு. கேட் பக்கத்தில் இஸ்திரி போடும் தம்பி, அவளைப் பார்த்ததும் "அம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். நாலு வார்த்தைதான். அவர் பெயர் அவளுக்குத் தெரியாது, முகம்கூடத் தெரிகிறதா என்பது சந்தேகம். ஆனால் அந்த வண்டி பக்கம் வந்தால் நடை வேகமாகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் முகம் தெளிவாக இருக்கும். யாரைப் பார்த்தாய் என்றால் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் சிலர் கேட்ட கேள்விகளையும் எழுதச் சொன்னார் செயலாளர். வல்லாரை, பாதாம் பற்றிக் கேட்டவருக்கு: சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும், அதற்கு மேல் நான் சொல்லத் தகுதி இல்லை. என் அப்பாவுக்கும் இப்படி இருக்குமோ என்று தனியாக வந்து கேட்டவருக்கு: நரம்பியல் டாக்டரிடம் சீக்கிரம் காட்டுங்கள், தைராய்டு, வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரும், அது சரி செய்யக்கூடியது.

சி பிளாக் மாமி ஒருவர் கேட்டார், "அவங்களைப் பார்த்தா நாங்க என்ன பேசணும்?" என்று. "என்னைத் தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது, பயந்துவிடுகிறாள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். அதையே மறுநாளும் சொல்ல வேண்டியிருக்கும். கோலம் பற்றிப் பேசினால் பிடிக்கும், சங்குக் கோலம் இன்னும் கை தவறாமல் போடுகிறாள். சாயங்காலம் 5 மணியிலிருந்து விளக்குப் போடும் வரை வேப்பமரத்தடி பெஞ்சில் இருப்போம். பிளாஸ்கில் காபி இருக்கும், சர்க்கரை இல்லாமல்.